கற்பிட்டிக்குப் பெருநாளை ஏற்றிப்போன சைக்கிள்

மகன், ஸலாம். வாப்பாவின் கையெழுத்தில் இவ்வளவு நீளமான கடிதம் இதற்கு முன் உனக்கு வந்திருக்காது. வருகிற வெள்ளிக்கிழமை நீ கற்பிட்டிக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய். புத்தளத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பெண்வீட்டுக்குக் கிட்டப் போய் இறங்கிவிடலாம். வழி நெடுக நீ நித்திரை கொள்வாய், உன்னை எனக்குத் தெரியாதா? அந்தப் பாதையில் ஒவ்வொரு மைலையும் நான் காலால் அளந்து போன நாள் ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. சொன்ன பாதியில் எல்லாம் என்னைக் கொஞ்சம் வீரனாகவே காட்டியிருக்கிறேன். இன்றைக்கு மற்றப் பாதியையும் எழுதப் போகிறேன் என்றதும் உன் உம்மா குசினியிலிருந்தே கேட்டாள்: "மகனுக்குப் புத்தி செல்லப் போறீங்களா, புளுகப் போறீங்களா?" இரண்டும்தான் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அது வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம், யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் இல்லாமல் லொறிகள் எல்லாம் மரத்தடியில் படுத்துவிட்டன. டயர், டியூப் என்றால் கனவில்தான் காணலாம். புத்தளத்து உப்பளத்தில் எனக்கும் உன் அசனார் மாமாவுக்கும் வேலை. நான் அவன் தங்கையை, அதாவது உன் உம்மாவை, கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வருடத்தில் எட்டு மாதம் நானும் அவனும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஒரு கல்யாண வீட்டில் ஒரே சஹனில், அந்தப் பெரிய சோற்றுத் தட்டில், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நம்முடைய பழக்கம் உனக்குத் தெரியும்: ஆறு பேரும் சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. அசனார் ஆமை வேகத்தில் மெல்லுகிறவன். மென்றுகொண்டே, எல்லோருக்கும் கேட்க, "மச்சான்ட கை எறச்சிப் பக்கமே பயணம் போவுது" என்றான். பந்தியே சிரித்தது. நான் அப்படியே எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டேன். அவன் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசல் எனக்கு இல்லை, என் வீட்டு வாசல் அவனுக்கு இல்லை. நடுவில் உன் உம்மா யாருக்கும் தெரியாமல் அழுதாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தேன்.

அந்த வருடம் நோன்பு இருபத்தொன்பதாம் நாள், பொழுது சாய்கிற நேரம். அன்றைக்குப் பிறை கண்டால் விடிந்தால் பெருநாள். வானம் முழுக்க மேகம். ஊரே பள்ளிவாசல் முற்றத்தில் நின்று மேற்கே பார்த்துக் கண் நோகிறது, பிறை இல்லை. நான் உப்பளத்தின் கடைசி வரம்பில் நின்றேன். ஒரு மேகம் விலகியது, இன்னொரு மேகம் மூடியது, அந்த இடைவெளியில் பிறையைக் கண்டேன். நகம் வெட்டிப் போட்டது போல அவ்வளவு மெல்லியது. சந்தோசத்தில் திரும்பினால் பத்தடி தள்ளி அசனார், அவனும் வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இருவரும் கண்டோம். கண்டதைச் சொல்ல எனக்கு அவன் முகம் வேண்டாம், அவனுக்கு என் முகம் வேண்டாம். அவன் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம் போனேன். நான் பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும் அல்லவா? பள்ளியில் தொழுகை நடத்தும் கதீப் கேட்டார்: "ஒங்களோட வேற ஆரும் நின்டாங்களா?" நான், "இல்ல" என்றேன்.

இதுதான் நான் உன்னிடம் மறைத்த பாதி. ஒரு சோற்றுப் பேச்சுக்காகப் பள்ளிக்குள் நின்று பொய் சொன்னேன். அசனார் பள்ளிக்கு வரவேயில்லை. நான் அவன் பெயரைச் சொல்வேன், தன்னைக் கூப்பிட ஆள் வரும் என்று வீட்டில் காத்திருந்தானாம், கௌரவக்காரன். ஆள் வரவில்லை. ஊர் நாளைக்கும் நோன்பு என்று முடிவு செய்து கலைந்துவிட்டது.

கிழக்கு வெளுக்க முன், சஹர் சாப்பாட்டை வைத்துவிட்டு உன் உம்மா என்னைப் பார்க்கிறாள். நான் தட்டைத் தொடவில்லை. பிறையைக் கண்ணால் கண்டவன் எப்படி நோன்பு பிடிப்பது? பெருநாளில் நோன்பு ஹராம் அல்லவா? கடைசியில் உடைந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து மூடினாள். பிறகு, "ஒரு சஹனுக்காக ஊரையே நோன்பு பிடிக்க வச்சிட்டீங்களே" என்றாள். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு நேரே தன் காக்கா அசனாரின் வீட்டுக்கு நடந்தாள். அங்கே என்ன சொன்னாளோ, விடியல் சுபஹுத் தொழுகைக்கு நான் போனபோது பள்ளி வாசலில் அசனார் நின்றான். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் நின்றான், ஆனால் நின்றான். இருவரும் தனித்தனியே சாட்சி சொன்னோம். புத்தளத்தில் பெருநாள் தக்பீர் முழக்கம் எழும்பியது. நான் மெல்ல நழுவப் பார்த்தேன். கதீப் விடவில்லை.

"எங்க போறீங்க? கற்பிட்டில இன்டைக்கு நோன்பு பிடிச்சிட்டு ஈக்காங்க. உச்சி சாஞ்சா பெருநாள் தொழுகை இல்ல. அங்கத்தக் கதீப் தந்திக் கம்பியில வந்த பிறைய எடுக்க மாட்டார், அவருக்கு ரெண்டு வாய் வேணும். பெருநாள மறிச்சவங்க நீங்க ரெண்டு பேரும்தான், கொண்டு போய்க் குடுக்கிறதும் நீங்கதான்" என்றார். புத்தளத்துக் கடற்களப்பில் மூச்சுக்குக்கூடக் காற்றில்லை, பாய் வள்ளம் ஒன்றும் நகராது. எங்களிடம் இருந்தது இரண்டு பழைய சைக்கிள். முப்பது மைல் பாதையில் பாலாவிக்கு அப்பால் முக்கால்வாசி மணல். புத்தளத்துத் தொழுகை எங்களுக்குப் போய்விட்டது, கற்பிட்டியில் உச்சிக்கு முன் சேர்ந்தால்தான் எங்களுக்கும் பெருநாள்.

இனிச் சந்தோசமான கதை. பாலாவி வரைக்கும் நல்ல றோட்டு. அவன் முன்னால், நான் பின்னால். நேராகக் கதைக்க முடியாதே, அதனால் அவன் தன் சைக்கிளோடு கதைத்தான். "சைக்கிளே, அங்கால பள்ளம் ஈக்கி, பாத்துப் போ." நானும் சும்மா விடுவேனா? என் சைக்கிளிடம், "ஓம், கண்டிட்டம், நமக்கும் கண் ஈக்கி" என்றேன். இப்படியே இரண்டு சைக்கிளும் நாலு மைல் சண்டை பிடித்துக்கொண்டு போயின. பாலாவி தாண்டியதும் மணல் தொடங்கியது. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டோம். காற்றுக் குறைந்த டயர் மணலில் பரந்து உட்காரும், அதிகம் புதையாது. அப்படியும் நூறு யார் மிதித்தால் ஐம்பது யார் தள்ள வேண்டும். பாதையின் இரு பக்கமும் முள்ளுப் பற்றையும் வெண்மணலும், தூரத்தில் கானல் நீர் ஆடுகிறது. நிழல் என்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. வெயில் ஏற ஏற மணலின் சூடு செருப்பைத் தாண்டி வந்தது.

களப்பின் ஓரமாக ஒரு இடத்தில் வற்றிய சேற்றின் மேல் உப்புப் பொருக்கு நீளமாகப் படிந்து கிடந்தது, மேசை மாதிரி மட்டம். அதில் ஏறிவிட்டால் பறக்கலாம். உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்கு ஒன்று தெரியும்: பொருக்கு வெள்ளையாக இருந்தால் தாங்கும், சாம்பல் நிறமென்றால் கீழே ஈரம். அசனார் வெள்ளையைப் பிடித்து வளைந்து போனான். சைக்கிளிடம், "சாம்பல்ல போவாத" என்றும் சொன்னான். அவன் சொன்னதாலேயே நான் நேரே சாம்பலில் விட்டேன். முன் சில்லு அச்சுவரை இறங்கியது, நான் கைப்பிடிக்கு மேலால் பறந்து போய்ச் சேற்றில் விழுந்தேன். எழும்பிப் பார்த்தால் சில்லு வளைந்து எட்டுப் போட்டிருக்கிறது. அசனார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "மடையா! அடி பட்டிச்சா? எழும்பு, மடையா!" எட்டு மாதத்தில் அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. மகன், எனக்கு என்ன சந்தோசம் என்று நினைக்கிறாய்! சேற்றுக்குள் இருந்தபடியே சிரித்தேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து முடியாமல் அவனும் பக்கத்தில் குந்தி இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

என் சைக்கிளை ஒரு உப்புக் குடிசையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் ஏறினோம். ஒருவன் மட்டும் முன்னால் ஓடினால் கெதியாகப் போய்விடலாம், ஆனால் ஒரு வாயை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? இறுகிய தரை என்றால் ஒருவன் மிதிக்க மற்றவன் முன்கம்பிப் பாரில். மணல் என்றால் ஒருவன் தள்ள மற்றவன் பின்னால் ஓட்டம். அவன் மூச்சு என் பிடரியில் படுகிறது, அப்படி இருந்துகொண்டு கோபம் காக்க முடியாது. எட்டு மாதக் கதையும் வந்தது. அவன் மகளுக்குப் பல் முளைத்தது, அவன் வீட்டுக் கிணறு உவர்த்துப் போனது, உன் உம்மா தன் காக்காவுக்குக் கொடுத்து அனுப்பிய பணியாரத்தை அவன் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிவிட்டுப் பிறகு வருத்தப்பட்டது, எல்லாம். இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும் குணம் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது, சின்னதிலேயே கண்டேன். கற்பிட்டிப் பிள்ளையோடு கோபம் வந்தால் கத்து, கோப்பையை வேண்டுமானால் போட்டு உடை, ஆனால் கதையை மட்டும் நிறுத்தாதே. கத்துகிறவனுக்குப் பதில் சொல்லலாம், கதைக்காமல் இருக்கிறவனை அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

நுரைச்சோலையில் சின்னப் பள்ளி. அதை நடத்தும் லெப்பைக்கு எங்களைத் தெரியும், விசயத்தைக் கேட்டதும் தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டார். ஆண்களுக்குச் சந்தோசம். பெண்களோ எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். "கோழி அறுக்கல்ல, மா இடிக்கல்ல, பெருநாளக் கொண்டு வந்திட்டாங்க, பொறுப்பில்லாத மனுசர்!" என்று ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏசினாள். ஏசிக்கொண்டே அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் கொண்டு வந்து, எங்கள் வாய்க்குள் திணிக்காத குறையாகத் தந்தாள். "தின்டிட்டுப் போங்க, ஒங்கட முகத்தப் பாத்தா உசிர் போன மையத்து மாதிரி ஈக்கி." அந்தக் கிழங்கைப் போல ஒன்றை நான் இதுவரை சாப்பிட்டதில்லை, உம்மாவிடம் சொல்லிவிடாதே.

அதற்குப் பிறகு மணல்மேடு. தள்ளவும் முடியவில்லை. அசனார் சொன்னான், "மச்சான், கடலுக்கு எறங்குவம். நனைஞ்ச மணல் எறுக்கமா ஈக்கும்." தலவிலவுக்குக் கிட்டக் கடற்கரையில் இறங்கினோம். அடடா, மகன்! அலை வந்து போன ஈர மணலில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடியது. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. நான் மிதிக்கிறேன், அசனார் பாரில் இருந்து தக்பீர் சொல்கிறான், நண்டுகள் எங்களுக்கு வழிவிட்டு ஓடுகின்றன. உலகத்தில் கவலை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. இரண்டு மைல் அப்படிப் போயிருப்போம். சிப்பி ஒன்று ஏறி, பின் டியூப் பட்டென்று வெடித்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட டியூப், இனி ஒட்ட இடமில்லை. நான் மணலில் குந்திவிட்டேன். எங்கள் நிழல் காலடியை நோக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தது, உச்சி நெருங்குகிறது.

அந்த இடத்தில் வேதக்கார மீனவர் ஒருவர் வாடிக் குடிசை போட்டிருந்தார், சிலாபத்து ஆள். கழுத்தில் சிலுவை, கையில் வலை. எங்களைப் பார்த்து, "பெருநாள் எண்டு பாட்டுக் கேட்டுது, இப்ப என்ன, ஒப்பாரி வைக்கிறியளோ?" என்றார். சொன்னோம். அவர் வாடிக்குள் போய் ஒரு கட்டுத் தேங்காய்த் தும்போடு வந்தார். டியூப்பை இழுத்து எறிந்துவிட்டு, டயருக்குள் தும்பை வைத்து மரத்துண்டால் இடித்து இறுக்கினார். வள்ளத்து ஓட்டையை அடைக்கிற அதே கைவேலை. "காத்து எண்டா போகும், தும்பு எங்க போறது? ஓடுங்கோ. தலவிலக் கோயில் தாயார் கொண்டுபோய்ச் சேர்ப்பா" என்றார். "ஆமீன்" என்றான் அசனார், யோசிக்காமலே. அவர் பெயரைக் கேட்கக்கூட நேரமில்லை. இன்றைக்கும் துஆச் செய்யும்போது சிலாபத்து மனிதர் என்றுதான் சொல்கிறேன், அல்லாஹ்வுக்கு ஆள் தெரியும்.

தும்பு டயரில் போவது கல்லில் இருந்து போவது மாதிரி. எலும்பெல்லாம் தனித்தனியாகக் குலுங்கியது. கடைசி மைல்களில் மாறி மாறி ஓடினோம், விழுந்தோம், ஒருவரை ஒருவர் ஏசினோம். வாயில் எச்சில் இல்லை. கற்பிட்டிப் பள்ளி முற்றத்தில் போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நோன்பு முகத்தோடு ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. கதீப் நெடிய மனிதர், மெதுவாகக் கதைப்பவர். எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறையின் கொம்பு எந்தப் பக்கம், மேகம் எங்கே நின்றது என்றெல்லாம் தனித்தனியே கேட்டார். இரண்டு பேரின் பதிலும் ஒத்துப்போனது. பிறகு எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "நேத்து மஃரிபுக்குக் கண்ட பிறைய இன்டைக்கு உச்சிக்குக் கொண்டு வாறீங்க. நடுவுல எங்க வச்சிருந்தீங்க?"

ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். மழை, காய்ச்சல், எதையாவது. ஆனால் அந்த வழி நெடுகப் பட்ட பாட்டுக்குப் பிறகு இன்னொரு பொய்க்கு என் உடம்பில் தெம்பில்லை. "நேத்து எங்கட பள்ளியில, கூட ஆரும் நின்டாங்களான்டு கேட்டாங்க. இவன் நின்டான். நான் இல்லயென்டு பொய் சென்னன். இவனோட எனக்குக் கோவம்" என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. "பொய் சென்ன வாயால சாட்சியா?" என்று ஒரு குரல். கதீப் தலையைக் குனிந்துகொண்டார். என் சாட்சி விழுந்தால் அசனார் ஒருவன்தான் மிச்சம், ஒருவன் போதாது. இத்தனை தூரம் கொண்டு வந்த பெருநாளை வாசலில் வைத்து நானே போட்டு உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். கதீப் அசனாரைப் பார்த்து, "இவர ஒங்களுக்குத் தெரியும். இவர் உண்மை செல்றவரா?" என்று கேட்டார்.

எட்டு மாதமாக ஊரெல்லாம் அவனைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் என்னைப் பார்க்கவில்லை. நேரே கதீபைப் பார்த்துச் சொன்னான்: "கதீப், அவன் பொய் சென்னது உண்மைதான். அதுல பாதி என்ட குத்தம், நானும் போய்ச் செல்லல்ல. ஆனா அவன்ட காலப் பாருங்க. பொய் செல்ல வாறவன் தும்பு டயர்ல இவ்வளவு தூரம் வருவானா? தன்னப் பொய்யன்டு ஒங்கள்ட்ட ஆரு வந்து செல்லுவான்? இவன் செல்றது உண்மை. நான் பொறுப்பு."

கதீப் என் காலைப் பார்த்தார். மணலும் உப்பும் இரத்தமும். சூரியனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த மெதுவான மனிதரின் தொண்டையிலிருந்து "அல்லாஹு அக்பர்" என்று எழும்பியது பார், கூட்டம் முழுக்க அதை வாங்கிக்கொண்டது. ஆட்கள் ஓடினார்கள், கை கால் கழுவி ஒளு எடுத்தார்கள், வீடுகளிலிருந்து பெண்களின் சத்தம் கேட்டது, யாரோ எங்கள் இரண்டு பேரையும் தூக்காத குறையாக முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தொழுது முடித்து ஸலாம் கொடுத்தபோது உச்சி சாயவில்லை. ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளும்போது நான் அசனாரின் தோளில் முகத்தை வைத்து, வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதேன்.

மகன், வெள்ளிக்கிழமை நீ மாப்பிள்ளையாகப் போய் நிற்கப்போவது அந்த ஊரில். அன்றைக்கு அங்கே எனக்குப் பெயர் இல்லை, ஆள் இல்லை, நானே ஒத்துக்கொண்ட பொய் ஒன்றுதான் இருந்தது. நான் எட்டு மாதம் முகம் கொடுக்காத மனிதன் "நான் பொறுப்பு" என்று சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் கற்பிட்டி நோன்பு திறந்தது.